கறுப்புக் கைப்பிடி

ரப்பர் ஸ்டாம்ப் செய்து விற்கிறவளுக்கு எழுத்து எப்போதும் இடம் வலம் மாறித்தான் கண்ணில் படும். அதனால் பாலர் வகுப்பு டீச்சர், "உங்க பொண்ணு எழுத்தைத் திருப்பிப் போடுறா, வாசிக்கவும் திணறுறா, ஒருதடவை டாக்டர்கிட்ட காட்டுங்களேன்" என்றபோது அவளிடம் பதில் தயாராக இருந்தது.

"கடையிலயே வளந்த பிள்ளை டீச்சர். ஸ்டாம்பைப் பாத்துப் பாத்து அப்படியே எழுதுது. போகப் போகச் சரியாயிடும்."

இந்த வருடம் ஒன்றாம் வகுப்பு டீச்சரிடமும் அதே சாக்கு. இவர் விடுகிற ஆள் இல்லை. டாக்டருக்கான படிவத்தையே கையில் திணித்து அனுப்பிவிட்டார். இரண்டு வாரமாக அது கைப்பையில் கசங்கிக்கொண்டிருந்தது.

மகளுக்கு வீட்டில் 'வாயாடி' என்று பெயர். கடைக்கு வருகிறவர்கள் மாதிரிப் பலகையிலிருந்து எந்த ஸ்டாம்பை எடுத்து நீட்டினாலும், திரும்பிக் கிடக்கும் எழுத்தைப் பட்டென்று சொல்லிவிடுவாள். அம்மாவுக்கு உச்சி குளிர்ந்துபோகும். இவளுக்கா படிக்க வராது என்கிறார்கள் என்று டீச்சரை மனதுக்குள் ஒரு பிடி பிடிப்பாள்.

அன்று காலை முழுக்க, பலகையில் இருந்த மாதிரி ஸ்டாம்புகள் எல்லாவற்றுக்கும் புதுக் கைப்பிடி மாட்டி அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. கலர் கைப்பிடிகள் தீர்ந்துவிட்டதால் எல்லாமே கறுப்பு.

சாயங்காலம் பக்கத்து மருந்துக்கடைக்காரர் வந்தார். "எங்கே பாப்பா, இது என்னன்னு சொல்லு பாப்போம்" என்று வாயாடியிடம் ஒரு ஸ்டாம்பை எடுத்து நீட்டினார்.

அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "பெறப்பட்டது" என்றாள்.

அது 'ரத்து'. அடுத்ததும் தப்பு.

"பாப்பாவுக்கு இன்னைக்கு லீவு போலிருக்கு" என்று சிரித்துவிட்டு அவர் போனார்.

"என்னடி விளையாட்டு? நல்லாப் பாத்துச் சொல்லு."

"எல்லாம் கறுப்பா இருக்கும்மா. எப்படிச் சொல்றது?"

"எழுத்தைப் பாத்துச் சொல்லு."

"எழுத்தைப் பாத்தா எனக்கு எப்பவுமே தெரியாது. செவப்புன்னா பெறப்பட்டது. பச்சைன்னா நகல். நீதானே எல்லார்கிட்டயும் சொல்லுவ, கேட்டு வெச்சுக்கிட்டேன்."

அம்மா ஸ்டூலில் உட்கார்ந்தாள். கோபம் வரவில்லை. அதற்கும் தெம்பு வேண்டும்.

"அப்ப கிளாஸ்ல எப்படி வாசிக்கிற?"

"பக்கத்துல இருக்கறவ சொன்னதும் நானும் சொல்லுவேன். அவ வராத அன்னைக்கு வயித்து வலின்னு சொல்லிடுவேன்." சற்று நிறுத்திச் சொன்னாள்: "அசதியா இருக்கும்மா."

அந்த வயிற்று வலிகள் ஒவ்வொன்றும் அம்மாவுக்கு ஞாபகம் வந்தன. நடிக்கிறாய் என்று திட்டி, இழுத்துக்கொண்டுபோய் வகுப்பில் விட்டிருந்தாள். ஆறு வயதுப் பிள்ளை தினமும் இத்தனை பாடு பட்டுத் தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. தான் அதை வித்தை என்று ஊருக்குக் காட்டிக்கொண்டிருந்தோம். வெட்கமாக இருந்தது. மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பிறகு கைப்பையிலிருந்து படிவத்தை எடுத்து, கசங்கலை மேஜையில் நீவிவிட்டு எழுத ஆரம்பித்தாள். மூன்றாவது கேள்வியில் பேனா நின்றது. 'சிரமம் இருப்பது எப்போதிலிருந்து தெரியும்?'

'இன்றுதான்' என்று எழுதினாள். வாயாடி மடியில் இருந்தபடி பேனா நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா எழுதின?"

அம்மா அதை அடித்துவிட்டு, 'ஒரு வருடமாக' என்று எழுதினாள். பிறகு ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து, மெதுவாக, மகளுக்கு வாசித்துக் காட்டினாள்.