குடுவைக்கு ஊட்டாத ஒரு நாள்

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு ஜோடிச் செருப்பு வாங்கப் போனதில் பிறந்தது. முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘ஆய்வுக்கூடத்தின் ஆழ்ந்த அமைதியில் என் தங்கை...’ அடித்துவிட்டேன். அங்கே ஏது அமைதி? குடுவைகளை ஆட்டும் இயந்திரம் நாள் முழுக்கக் கடகடக்கும்.

2
அவள் வளர்ப்பது ஒளிவிடும் பாக்டீரியா. நான்கு மாதமாக ஒளிவிடத்தான் மாட்டேன் என்கிறது. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் ஒளிராவிட்டால் ஆய்வுத் தலைப்பையே மாற்றச் சொல்லிவிட்டார் கைடு மேடம்.

(இவளைச் சோகமாக எழுதியிருந்தேன். படித்துவிட்டு, “யாருக்கா இந்த அழுமூஞ்சி?” என்றாள். நீக்கிவிட்டேன்.)

3
ஆரம்பத்தில் ஒருமுறை பட்டினி போட்டு மொத்தத்தையும் சாகடித்துவிட்டாள். அந்தப் பயத்தில், சில மணி நேரத்துக்கொருதரம் ஓடிப்போய் முக்கால்வாசியைக் கொட்டிவிட்டுப் புதுச் சத்துநீர் ஊற்றுவாள்.

“வாடிடுமேக்கா!”

“பிள்ளை பெத்தவகூட இவ்வளவு ஊட்ட மாட்டாடி. இன்னிக்கு ஒரு நாள் விடு. செருப்புக் கடைக்குப் போலாம் வா.”

வெள்ளிக்கிழமை காலை அது. போனால் போகிறது என்று வந்துவிட்டாள்.

4
திரும்பும் பேருந்தில் திடீரென்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“அக்கா! இதுங்க ஒண்ணுக்கொண்ணு சமிக்ஞை விட்டுத்தான் பேசிக்கும். கூட்டம் சேர்ந்து, அந்தச் சமிக்ஞை நிறைஞ்சாத்தான் எல்லாம் ஒண்ணா மரபணுவை முடுக்கி ஒளி விடும்.”

“சரி, அதுக்கு?”

“கூட்டம் சேரச் சேர நான்தானே கொட்டிக்கிட்டே இருந்தேன்!”

மற்றவர்களுக்கெல்லாம் அவளே பாடம் எடுத்த விஷயம். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். இன்று காலையிலிருந்து அவள் குடுவையைத் தொடவே இல்லை. நான் மணி பார்த்தேன்.

5
முடிவு அ: அறை இருட்டாகவே இருந்த... சீ, வேண்டாம்.
முடிவு ஆ: மேடம் கண்ணீர் மல்கக் கைதட்டு... சினிமா.

நடந்தது இவ்வளவுதான். நாலே முக்காலுக்கு இருட்டறைக் கதவைச் சாத்தினோம். “கண்ணு பழகணும், நூறு வரைக்கும் எண்ணுக்கா” என்றாள். நாற்பதிலேயே எனக்கு எண்ணிக்கை தப்பிவிட்டது. வெளியே மேடத்தின் செருப்புச் சத்தம் வந்து நின்றது. தங்கை குலுக்கு இயந்திரத்தின் மூடியைத் திறந்து, குடுவையை எடுத்து ஒரு குலுக்குக் குலுக்கினாள்.

அவள் முகம் எனக்குத் தெரிந்தது. நீல வெளிச்சத்தில், வாயைப் பிளந்தபடி.

இருவரும் ஒரே நேரத்தில் கத்தினோம். என்ன கத்தினோம் என்று ஏழெட்டு விதமாக எழுதிப் பார்த்தேன், ஒன்றும் சரிவரவில்லை. இடம் விட்டிருக்கிறேன், நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். சத்தமாகவே எழுதுங்கள், கதவுக்கு அந்தப் பக்கம் மேடத்துக்கும் கேட்க வேண்டும்.

“........................!”