எட்வின் ராப்சனின் ஓடாத வண்டி

முதலில் வந்த அபராதம் வெறும் எண்பது பவுண்டுதான். கட்டித் தொலைத்திருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். ஆனால் எட்வின் ராப்சன் நிலக்கரிச் சுரங்கத்தில் தொழிற்சங்கத்துக்காரராக இருந்து பழகியவர். நியாயம் தன் பக்கம் என்று பட்டுவிட்டால் அந்த மனுஷனுக்குத் தொண்டையில் தண்ணீர்கூட இறங்காது.

குற்றம் இதுதான். அவர் பெயரில் இருக்கும் பழைய ரொட்டி வண்டிக்குச் சாலை வரியும் கட்டவில்லை, வண்டியைச் சாலையில் ஓட்டுவதில்லை என்று எழுதியும் கொடுக்கவில்லை. எப்படி ஐயா ஓடும்? எஞ்சின் கிடையாது, சக்கரம் கிடையாது, தரைத் தகட்டைக்கூட அறுத்து எறிந்தாயிற்று. வீடுகளுக்குப் பின்னால் ஆளுக்கொரு துண்டாகக் குத்தகைக்கு விட்டிருக்கும் தோட்ட நிலத்தில், வெறும் கூடாக மண்மேல் உட்கார்ந்திருக்கிறது. அதற்குள்ளே வெங்காயத்தாள் இனத்தைச் சேர்ந்த லீக்ஸ் வளர்கிறது.

லீக்ஸ் என்றால் சூப்புக்குக் கடையில் வாங்கும் ஒல்லிப் பயல்கள் இல்லை. இங்கிலாந்தின் வடகோடியில், நார்தம்பர்லாந்துப் பக்கம் போட்டிக்கென்று வளர்க்கும் லீக்ஸ் ஒவ்வொன்றும் குழந்தையின் தொடை பருமன் இருக்கும். செப்டம்பரில் கிளப்பில் போட்டி. நாலு வருஷமாகக் கோப்பை பக்கத்துத் தோட்டக்காரர் கத்பர்ட் டாட்ஸின் அலமாரியில்தான் இருக்கிறது. போட்டி நெருங்கினால் எவனாவது வேலி தாண்டி வந்து தண்டைக் கத்தியால் கீறிவிட்டுப் போவதும் உண்டு. அதனால் இங்கே எவரும் தன் லீக்ஸைக் கட்டின பெண்டாட்டிக்குக்கூடக் காட்டமாட்டார்.

வழக்கு கெட்டது இந்த இடத்தில்தான். எஞ்சின் இல்லை என்றால் வண்டியின் உட்புறத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள் என்று உரிம அலுவலகம் கேட்டது.

"அனுப்பித் தொலையேன் மனுஷா," என்றாள் மனைவி டோரீன். "அந்த ஆபீஸ்ல கத்பர்ட்டோட மச்சானா உட்கார்ந்திருக்கான்?"

"இருந்தாலும் இருப்பான். யார் கண்டா?"

எட்வின் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தார். லீக்ஸ் மேல் டோரீனின் பூப்போட்ட படுக்கை விரிப்பைப் போர்த்திப் படம் எடுத்து அனுப்பினார். பதில் வந்தது: 'வாகனத்தின் உட்புறம் துணி போர்த்திச் சிறப்பாகப் பராமரிக்கப்படுவது தெரிகிறது. எனவே வாகனம் பயன்பாட்டில் உள்ளதாகக் கருதப்படும்.' டோரீன் அதைப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் எட்வின் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

விவகாரம் கடன் வசூல் கம்பெனியிடம் போனது. போட்டிக்கு முந்தின வியாழக்கிழமை, கிரேன் பொருத்திய லாரியோடு டேரில் என்ற இளைஞன் வந்து இறங்கினான்.

"நானூத்திப் பத்து பவுண்டு சார். இல்லன்னா வண்டியைத் தூக்கணும்."

"இது வண்டியே இல்லப்பா. எத்தனை தடவை எழுதறது?"

"நம்பர் பிளேட் இருக்கே சார்."

சத்தம் கேட்டுக் கத்பர்ட்டும் வேலியோரம் வந்து நின்றார். டேரில் நாலு மூலையிலும் சங்கிலி மாட்டினான். கிரேன் முனகியது, கூடு மேலே எழும்பியது. கீழே மண்ணில் எட்வினின் லீக்ஸ் அப்படியே நின்றன. வண்டிச் சுவரோடு கட்டி வைத்திருந்த இலைகள் அவிழ்ந்து நாலா பக்கமும் சரிந்தன. இத்தனை நாள் கண்ணில் வைத்துக் காத்தது இப்போது ஊர்பார்க்க நின்றது. கத்பர்ட் வாயில் இருந்த பைப்பைக் கையில் எடுத்தார். தன் கோப்பை போய்விட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

டேரில் அந்தரத்தில் தொங்கும் கூட்டை அண்ணாந்து பார்த்தான். தலையைச் சொறிந்தான். போனில் மேலதிகாரியிடம் பேசினான்.

"நல்ல செய்தி சார். அடியில ஒண்ணுமே இல்லல்ல, அதனால இது வண்டி இல்லன்னு ஒத்துக்கிட்டாங்க. அபராதம் ரத்து. இதோ எறக்கிடறேன்."

"எங்க?"

"எடுத்த இடத்துலதான். வண்டி இல்லன்னா அதை இடம் மாத்த எங்களுக்கு அதிகாரம் கிடையாது."

எட்வின் மேலே பார்த்தார். காற்றில் கூடு இப்படியும் அப்படியும் ஆடியது. அதன் தகட்டு விளிம்புக்கு நேர் கீழே, அவிழ்ந்து சரிந்த லீக்ஸ்; இறங்கினால் நறுக்கிவிடும்.

"நில்லு தம்பி. அது வண்டிதான்."

"என்ன சார்?"

"வண்டிதான்னு சொல்றேன். நல்லா ஓடும். நேத்துகூட ஓட்டினேன்."

"எங்க ஓட்டினீங்க?"

"கடைக்கு. பால் வாங்க."

டேரிலுக்கும் வாழ்க்கையில் இப்படி ஒரு ஆள் அகப்பட்டதில்லை. "அப்போ அபராதமும் கட்டணும், வரியில்லாம ஓட்டின குத்தமும் சேரும். பரவாயில்லையா?"

"சேரட்டும். எடுத்துக்கிட்டுப் போ."

"உங்க பேச்சை மட்டும் வெச்சு எழுத முடியாது சார். சாட்சி வேணும்." டேரில் வேலிப் பக்கம் திரும்பினான். "ஐயா, இவர் இதை ஓட்டி நீங்க பார்த்தீங்களா?"

கத்பர்ட் உண்மையைச் சொன்னால் போதும். கூடு இறங்கிவிடும், கோப்பை அலமாரியிலேயே இருக்கும். எட்வினுக்குக் கெஞ்சவும் மனசு வரவில்லை. கத்பர்ட் அந்த லீக்ஸை இன்னொரு தடவை, மெதுவாக, வேர் முதல் இலை வரை பார்த்தார். அவர் முகம் அழுதுவிடும் போல ஆனது.

"பார்த்தேன் தம்பி," என்றார் கத்பர்ட். "இந்த வயசுல இவ்வளவு வேகம் ஆகாதுன்னு நானே திட்டினேன்."