தவறிய பந்து போகும் வீடு

தேரிக்குளத்தில் பேட்டர் தவறவிட்ட பந்து, அவன் பின்னால் குந்தியிருக்கும் கேட்ச்சர் கையில் தங்காது. நழுவிக் கீழே இறங்கி, மைதானத்தின் மேற்கு வாசல் வழியாக உருண்டு, அந்தத் தவறு யாருடையதோ அவர் வீட்டுக்குப் போய்விடும். பேஸ்பால் அந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான்.

ஆகவே யாரைக் குறை சொல்வது என்று அங்கே பெரிதாகச் சண்டை வந்ததில்லை. முந்தின நாள் இரண்டு சினிமா தொடர்ந்து பார்த்துவிட்டு வந்து பேட் பிடித்தவன் வீட்டுக்குப் பந்து போகும். அவன் அம்மா அதைச் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் குழம்பு ஊற்றுவாள். பிட்சர் எறிந்த எறி அவ்வளவு நேர்த்தி, எவனாலும் தொட்டிருக்க முடியாது என்றால், பந்து பிட்சர் வீட்டுக்கே போகும். அங்கே அதற்குக் குங்குமம் வைப்பார்கள்.

இந்த வருஷம் பொங்கல் கழிந்ததிலிருந்து ஒரு புது நடைமுறை. அணியில் புதிதாகச் சேர்ந்த மூன்று பிள்ளைகளும் பந்தைத் தொட்டபாடில்லை. அதிலும் மாசானம் என்கிற பத்தொன்பது வயதுப் பையன், பேட்டைச் சுற்றினால் காற்று வாங்கலாமே தவிர வேறொன்றும் நடக்காது. மூன்று பேர் விட்ட பந்துகளும் ஒரே வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. சர்ச் தெருவில் ஜெபக்கனி டீச்சர் வீடு. அவள்தான் அணிக்கு பேட்டிங் டீச்சர்.

வீட்டில் கால் வைக்க இடமில்லை. கட்டிலுக்கடியில் பந்து, அரிசி டிரம்மில் பந்து, மீட்டர் பெட்டி மேலே இரண்டு பந்து. ஒவ்வொன்றையும் ஈரத்துணியால் துடைத்து, சிவப்புத் தையல் பிரிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துத்தான் வைப்பாள். மாசானத்தின் பந்துகளுக்கு மட்டும் இட்லிக் கொப்பரையை ஒழித்துக் கொடுத்திருந்தாள். அதனால் அந்த வீட்டில் மூன்று மாதமாக இட்லி கிடையாது. அவள் புருஷன் தங்கத்துரை வயரிங் வேலை செய்கிறவன், சாது. "நமக்கென்ன, தோச போதும்" என்று சொல்லிவிட்டான்.

ஜெபக்கனிக்குத்தான் மனசு ஆறவில்லை. புளி கரைக்கும்போதும் சரி, கோயிலில் முழங்காலிட்டிருக்கும்போதும் சரி, ஒரே யோசனை. ஜனவரியில் ஒருநாள் மாசானத்திடம், "முழங்கைய ஒரு இஞ்சு ஏத்துல" என்று சொல்லியிருந்தாள். அதற்குப் பிறகுதான் இதெல்லாம். நல்லா இருந்த பிள்ளையைக் கெடுத்துவிட்டேனே, மூன்று பிள்ளைகளையும் கெடுத்துவிட்டேனே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. வேலை போனால் போகட்டும். ஆனால் ஒரு பையனுக்குக் கைவந்ததை நாமே வழித்துத் துடைத்துவிட்டோம் என்றால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

பேஸ்பால் சங்கச் செயலாளர் வயித்தியலிங்கம் அண்ணாச்சி நீதியான மனுஷர், இரும்புக்கடை வைத்திருந்தார். டீச்சரை மாற்றிவிடலாம் என்று நாலு பேர் சொன்னபோது, "எந்த வீட்டுல போயித் தங்குதுன்னு கண்ணால பாக்காம ஒரு எழுத்து எழுத மாட்டேன்" என்றார். பந்துகள் அவள் வீட்டில் கிடப்பதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். வரும் வழியில் கூடவே நடந்து பார்த்தவர் யாரும் இல்லை.

சனிக்கிழமை காலை மாசானம் பேட் பிடித்தான். முதல் பந்தையே விட்டான். பந்து இறங்கி உருள ஆரம்பித்தது. நோட்டுப் புத்தகத்தோடு அண்ணாச்சி, அவர் பின்னால் ஜெபக்கனி, அவள் பின்னால் பேட்டைத் தோளில் போட்டபடி மாசானம், மூன்று பேரும் பின்னால் நடந்தார்கள்.

பந்துக்கு அவசரம் ஒன்றுமில்லை. பஜாரில் இடது ஓரமாகவே போனது. மினி பஸ் ஹாரன் அடித்தபோது ஒதுங்கி நின்றது. டீக்கடை பெஞ்சில் இரண்டு பேர், "அந்தம்மாவத் தூக்குனாத்தான் வெளங்கும்" என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பந்து வருவதைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தாமலே கால்களைத் தூக்கிக்கொண்டார்கள். பந்து பெஞ்சுக்கடியில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு நகர்ந்தது.

அங்கிருந்து சர்ச் தெருவுக்கு வலது பக்கம் திரும்ப வேண்டும். பந்து இடது பக்கம் திரும்பியது.

இரண்டாவது கடை சிவனுபாண்டியின் தையற்கடை. மாசானத்தின் அப்பா. பையன் பேட் பிடிக்கிற நாளெல்லாம் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு, பிட்சர் கையிலிருந்து பந்து கிளம்புமுன்பே, "அடில! அடிக்கத் தெரியாதால ஒனக்கு?" என்று கத்துகிறவர். பந்து இரண்டு படி ஏறி, மெஷின் பெடலுக்குப் பக்கத்தில் போய் நின்றது. அவர் தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் காலால் அதை வெளியே தள்ளினார்.

"கோச்சு வீடு சர்ச்சுத் தெரு" என்று பந்திடம் சொன்னார். பிறகுதான் வாசலில் நின்றவர்களைப் பார்த்தார். "தெனம் வருது அண்ணாச்சி. வழி தெரியாத பந்து."

அண்ணாச்சி எழுதிக்கொண்டார்: தையற்கடை, இரண்டு நிமிஷம். மாசானம் தன் அப்பாவின் காலையே பார்த்துக்கொண்டு நின்றான். ஜெபக்கனி அவன் முதுகில் கை வைத்து நடத்திக் கூட்டிப்போனாள்.

அடுத்துப் பந்து போனது பச்சை கேட் போட்ட ஒரு பெரிய வீட்டுக்கு. அது வயித்தியலிங்கம் அண்ணாச்சியின் வீடு. மாசானத்தைப் பத்து ஆட்டத்தில் ஒன்பது தடவை பேட்டிங் வரிசையில் இடம் மாற்றி இறக்கியவர் அவர். ஒரு தடவை அவன் பேட்டோடு நடந்து போகும்போதே திரும்பக் கூப்பிட்டு உட்கார வைத்தார். பந்து கேட்டில் மூன்று முறை முட்டியது.

"தொறக்கக் கூடாதுன்னு அண்ணாச்சி சொல்லிருக்காக" என்று உள்ளேயிருந்து வேலைக்கார சொர்ணத்தின் குரல் வந்தது. "சும்மா சும்மா வந்து தட்டாத."

"நாந்தான் சொர்ணம்" என்றார் அண்ணாச்சி.

"பந்தும் கூட இருக்கா?"

"இருக்கு."

"அப்ப தொறக்க மாட்டேன்."

அண்ணாச்சி தலையாட்டிவிட்டு எழுதினார்: பச்சை கேட், பூட்டியிருந்தது. தன் வீட்டுக் கதவு எண்ணைச் சரியாகப் பார்த்துக் குறித்துக்கொண்டார். அப்படி நீதியான மனுஷர்.

அதற்குப் பிறகு பந்தின் நடையில் தெம்பு இல்லை. சர்ச் தெருவுக்கு வந்து சேர வெகுநேரம் ஆனது. ஜெபக்கனி வீட்டுக் கதவு எப்போதும்போல விரியத் திறந்து கிடந்தது. பந்து படியேறி உள்ளே போய் ஓய்ந்து கிடந்தது. தங்கத்துரை ஈரத்துணியோடு வந்து, "வா வா, இன்னிக்கு என்ன லேட்டு" என்றான்.

ஜெபக்கனி தெருவிலேயே நின்றுவிட்டாள். அட பாவமே! வீட்டில் இருக்கிற அத்தனையும் இப்படி ரெண்டு வாசலில் துரத்தப்பட்டுத்தான் வந்ததா? தன் மேல் பழியில்லை என்று அவளுக்குத் தோன்றவில்லை. பந்தை நினைத்துத்தான் அழுகை வந்தது.

அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்து முடித்தார். "பந்து தங்குன வீடு இதுதான் டீச்சர். சட்டம் தங்குறதத்தான் பாக்கும். ஆனா நான் அநியாயம் செய்ய மாட்டேன். திங்கக்கெழம ஒருநா கதவப் பூட்டி வைங்க. வேற எங்கயாவது போயித் தங்கிட்டா, ஒங்க மேல குத்தமில்ல. வேல ஒங்களுக்குத்தான்."

"இங்கயும் பூட்டிட்டா அது எங்க அண்ணாச்சி போவும்?"

"அது பந்தோட பாடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை கதவைப் பூட்டினாள். ஐந்து மணிக்குப் பந்து வந்து தட்டியது. எதிர்ச் சாரியில் அண்ணாச்சி குடையோடு நின்றார்; தூறல் போட்டுக்கொண்டிருந்தது.

"கனி, தொறந்தா வேல போயிரும்" என்றான் தங்கத்துரை.

"தெரியுதுங்க."

மூன்று தட்டு. அதற்கு மேல் தட்டவில்லை. பச்சை கேட்டில் அது அப்படித்தான் பழகியிருந்தது. அது திரும்பிப் போகவும் இல்லை, படியிலேயே நனைந்துகொண்டு கிடந்தது. பூட்டிய கதவுக்கு இந்தப் பக்கம் ஜெபக்கனி சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றாள். அந்த வேலை இல்லாவிட்டால் அவளுக்குச் சாயங்காலம் என்று ஒன்று கிடையாது. பிள்ளைகளின் சத்தம் கிடையாது. ஒரு பேட் நல்ல இடத்தில் பந்தைத் தொடும்போது வருகிற அந்த ஓசை கிடையாது.

"தையல் நனஞ்சா பிரிஞ்சிரும்ங்க" என்றாள். திறந்துவிட்டாள்.

அண்ணாச்சி மணி பார்த்து எழுதிக்கொண்டு நடந்தார். ஜெபக்கனி பந்தை மடியில் வைத்துத் துடைத்தாள். "முழங்கைய ஏத்தச் சொன்னது நான்தான். அதனால ஒனக்கு இங்க எடம் உண்டு" என்று அதனிடம் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. இனி மைதானத்துக்குள் வரக் கூடாது என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊர் ஆத்தங்காட்டோடு ஆட்டம். அன்று காலை மைதானத்தில் பிளேட்டைக் காணோம். பேட்டர் நிற்கிற இடத்தில் தரையோடு தரையாகப் பதித்திருக்கும் வெள்ளை ரப்பர் பிளேட் அது. அடித்தவன் சுற்றிலும் பதித்திருக்கும் மூன்று பேஸையும் தொட்டு ஓடிவந்து அதில் கால் வைத்தால்தான் ஒரு ரன். ஆட்டத்தை நிறுத்த முடியாதே. பேட்டர் நிற்பதற்குச் சுண்ணாம்பால் ஒரு பிளேட் வரைந்துகொண்டார்கள்; ரன் எடுக்க மட்டும் அசல் பிளேட் இருக்கிற இடத்துக்கே ஓட வேண்டும்.

பிளேட் ஜெபக்கனியின் அடுக்களையில் இருந்தது. அவள் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது வந்து, அடுப்புக்கு மூன்றடி தள்ளி சிமென்டுத் தரையில் பதிந்துகொண்டது. நடக்கிற வழியாயிற்றே என்று தள்ளிப் பார்த்தாள், அசையவில்லை. துடைத்து விட்டாள்.

பதினொரு மணிக்கு அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். மைதானத்து ஒலிபெருக்கி சர்ச் தெரு வரை கேட்கும். "அடுத்து மாசானம்" என்றது. அவள் கத்தியைக் கீழே வைத்தாள். ஈரத்துணியை எடுத்துக்கொண்டாள். எப்படியும் ஒரு பந்து வரும். வந்தால் துடைக்க வேண்டும்.

அப்போது அந்த ஓசை கேட்டது. நல்ல இடத்தில் பட்ட ஓசை. அதற்கு ஒலிபெருக்கி தேவைப்படவில்லை.

"மாசானம் அடித்துவிட்டார்" என்றது ஒலிபெருக்கி. "முதல் பேஸ். இரண்டாவது பேஸ். பந்து மூலைக்குப் போயிருக்கிறது. மூன்றாவது பேஸ். மேற்கு வாசல். பஜார். ஆத்தங்காட்டு கேட்ச்சர் கைக்குப் பந்து வந்துவிட்டது, அவரும் மேற்கு வாசல்."

ஜெபக்கனி வாசலுக்கு ஓடினாள். தெருமுனையில் மாசானம் வந்துகொண்டிருந்தான், தலை தெறிக்க. அவனுக்குப் பத்தடி பின்னால் கையுறையில் பந்தோடு கேட்ச்சர். பிளேட்டில் கால் படுமுன் பந்தால் தொட்டுவிட்டால் பையன் அவுட். கேட்ச்சருக்குப் பின்னால் மொபெட்டில் அம்பயர். எட்டடி. ஐந்தடி. வாசலுக்கு வரும்போது இரண்டடிகூட இல்லை. ஒரு தாழ்ப்பாள் போட்டிருந்தால் போதும், எல்லாம் போயிருக்கும்.

கதவு திறந்துதான் கிடந்தது. ஜெபக்கனி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். மாசானம் படியைத் தாண்டி, கட்டிலைத் தாண்டி, அடுக்களைக்குள் பாய்ந்து பிளேட்டில் கால் வைத்தான். அதற்குப் பிறகுதான் கேட்ச்சரின் பந்து அவன் முதுகில் பட்டது. அம்பயர் வாசலிலிருந்தே குனிந்து பார்த்து, இரண்டு கையையும் விரித்தார்.

"சேஃப்."

மாசானத்துக்கு மூச்சு வாங்கியது. "டீச்சர், முழங்கைய எறக்கிட்டேன்."

"எத்தன?"

"ஒரு இஞ்சு."

அவள் சிரிக்கவும் செய்தாள், கண்ணைத் துடைக்கவும் செய்தாள். ஈரத்துணி கையிலேயே இருந்தது. "அப்ப அது என் தப்புதான்ல மக்கா."

"ஆமா டீச்சர்" என்றான் அவன், பிரியமாக. கொப்பரையைத் திறந்து ஒரே ஒரு பந்தை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினான். "இது ஒங்களோடது. மிச்சத்துக்கு ஆள் வந்திருக்கு."

தெருவில் சிவனுபாண்டி இரண்டு துணிப்பையோடு நின்றிருந்தார். உள்ளே வரத் தயங்கி, சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். தங்கத்துரை அவர் கையைப் பிடித்துக் கூட்டிவந்து கொப்பரைக்கு முன்னால் உட்கார வைத்தான்.

கேட்ச்சர் ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு, தன் இடம் அதுதான் என்பதால் அடுப்புக்கும் பிளேட்டுக்கும் நடுவில் குந்தினான். அம்பயர் ஷூவைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு அவன் பின்னால் வந்து நின்றார். ஜெபக்கனி அடுப்பை அணைத்தாள். அடுத்த பேட்டர் தெருவில் வந்துகொண்டிருந்தான். அவனுக்கு முன்னால் முதல் பேஸ் தரையோடு தரையாக நகர்ந்து வந்து, படிக்குக் கீழே நின்றது. தங்கத்துரை கட்டிலை ஓரமாக இழுத்துப் போட்டான்.