பல்லியின் பிடி

ஆண்கள் கூட்டத்தோடு மலையேறப் பழகிய காலத்தில் அவளுக்கு அவர்கள் வைத்த பெயர் பல்லி. பாறையில் ஒட்டிக்கொண்டு நகர மாட்டேன் என்கிறாளாம். பின்னாளில் பெண்களுக்கென்று தனியாக வகுப்பு தொடங்கியபோது, அதே பெயரைப் பலகையில் எழுதி ஊருக்கு வெளியே பாறையடியில் நட்டுவிட்டாள். வந்தவர்களுக்கு அவள் பல்லியக்கா ஆனாள்.

அங்கே யாரையும் யாரும் விரட்டுவதில்லை. உடை மாற்ற ஒரு கூடாரம், கயிற்றை மாட்ட எந்த இடுப்புக்கும் பொருந்துகிற பட்டைகள், கைக்குழந்தையோடு வந்தால் பார்த்துக்கொள்ள ஒருத்தி. பயந்து பாதியில் இறங்கினாலும் கைதட்டல்தான். அங்கே வந்தவர்களில் ஒரு தையல்காரி அந்தக் கைதட்டலை நிறையவே வாங்கியவள். புருஷன் செத்த பிறகு அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணன் லாரி மெக்கானிக்; மூக்குக்கு மேல் கோபம்.

அந்த ஞாயிறு காலை தையல்காரி மூன்று மாடி உயரத்தில் கால் வழுக்கிக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தாள். கயிற்றின் மறுமுனை பாறை உச்சி வளையத்தில் நுழைந்து இறங்கி, கீழே பல்லியின் இடுப்புக் கொக்கி வழியாக அவள் வலது கையில். அந்தக் கை தளர்ந்தால் மேலே இருப்பவள் கல் மாதிரி விழுவாள்.

"எங்கடி என் தங்கச்சி?"

பல்லி திரும்பிப் பார்த்தாள். மெக்கானிக். கையில் முழங்கை நீளத்துக்கு ஸ்பேனர்.

"மேல தொங்குறாங்க. நான்தான் பிடிச்சிருக்கேன். கொஞ்சம் பொறுங்க, இறக்கிடறேன்."

"ஊரே சிரிக்குது. பொம்பளைங்களைக் கெடுக்கறதுக்குன்னே கடை விரிச்சிருக்கியா?"

முதல் அடி இடது தோளில் விழுந்தது. சுள்ளி ஒடிகிற மாதிரி உள்ளே ஏதோ முறிந்தது அவளுக்கே கேட்டது. திருப்பி அடிக்க வழியில்லை, ஓடவும் வழியில்லை. முகத்தை மறைக்கக்கூடக் கையில்லை. அடுத்த அடி காதோரம். ரத்தம் சூடாகக் கழுத்துக்குள் இறங்கியது.

"அண்ணா, வேணாம்ணா!" மேலே தையல்காரி அலறினாள்.

"விடுடி கயித்தை!"

"விட்டா உன் தங்கச்சி செத்துருவாடா!"

"சாகட்டும்!"

மேலே அலறல் சட்டென்று நின்றுபோனது.

அவன் பல்லியின் வலது மணிக்கட்டைக் குறிவைத்து ஸ்பேனரை ஓங்கினான். அதற்குள் கூடாரத்தில் உடை மாற்றிக்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்தார்கள்; அவர்களில் பஸ் கண்டக்டராக இருந்தவள் தன் ஹெல்மெட்டால் அவன் பின்மண்டையில் ஓங்கிப் போட்டாள். இன்னொருத்தி, நர்ஸ், பாய்ந்து வந்து கயிற்றை இரண்டு கைகளாலும் பிடித்தாள். "பிடிச்சுட்டேன்க்கா, நீங்க விடுங்க!"

மெக்கானிக் குப்புற விழுந்தான். மற்ற பெண்களும் சூழ்ந்துகொண்டார்கள். உதை விழுந்தது. கண்டக்டர் அவனைப் புரட்டிப் போட்டு, மார்பில் உட்கார்ந்து, ஹெல்மெட்டால் முகத்திலேயே இடித்தாள். பற்கள் சிதறின. மூக்கு இருந்த இடம் தெரியவில்லை.

"போதும்! செத்துருவான்!" பல்லி கத்தினாள். யார் காதிலும் ஏறவில்லை. முறிந்த தோளோடு அவன்மேல் குறுக்கே விழுந்தாள். ஓர் உதை அவள் விலாவிலும் பட்டது. அப்புறம்தான் கால்கள் நின்றன.

நர்ஸ் தையல்காரியை மெல்ல இறக்கினாள். தரையில் கால் பட்டதும் தையல்காரி நேரே அண்ணனிடம் போனாள். மூச்சு இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. அவன் சட்டைப் பையில் கைவிட்டு வீட்டுச் சாவியை எடுத்தாள்.

"சாகட்டும்னு சொன்னியே, கேட்டுச்சு. என் தையல் மிஷினை எடுத்துக்கறேன்."

மெக்கானிக் ஆஸ்பத்திரியிலிருந்து ஜெயிலுக்குப் போனான். தையல்காரி நர்ஸ் வீட்டு மாடியில் அறை எடுத்தாள். பல்லியின் தோளுக்குள் தகடு வைத்தார்கள். இடது கை தலைக்கு மேல் எழும்பவில்லை. சில பெண்கள் பயந்து நின்றுவிட்டார்கள். ஆனால் கண்டக்டரும் வராததுதான் அவளை உறுத்தியது.

ஒருநாள் பல்லி கண்டக்டர் வேலை பார்க்கும் பஸ்ஸிலேயே போய் ஏறினாள்.

"ஏன் வர்றதில்ல?"

கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்தவில்லை. "அவனை அடிச்சப்போ எனக்கு நல்லா இருந்துச்சுக்கா. நிறுத்தவே மனசு வரல. அதுதான் பயமா இருக்கு."

பல்லி வலது கையால் டிக்கெட் காசை நீட்டினாள்.

"என்னால இனிமே ஏற முடியாது," என்றாள். "கயிறு பிடிக்கவும் தெம்பில்ல. நீ பிடிப்பியா?"

"என் கையையா நம்புறீங்க?"

"வேற யார் கையை நம்பறது?"

கண்டக்டர் விசில் ஊதினாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். தையல்காரியின் இடுப்புப் பட்டையை இழுத்துப் பார்த்தாள், முடிச்சை இழுத்துப் பார்த்தாள், மறுபடி ஒருமுறை பார்த்தாள். பிறகு கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏறு," என்றாள்.