துரையை மிஸ் பண்ணிய நாள்

மாடிவீட்டு நர்ஸ் தன் அக்கா ஊருக்கு ஒரு வாரம் கிளம்பியபோது, வீட்டுச் சாவியையும் பூனையின் பொறுப்பையும் கீழ்வீட்டுத் தையற்காரியிடம் ஒப்படைத்தாள். நர்ஸுக்குத் தமிழ் வராது. பூனைக்கும் இங்கிலீஷில் கூப்பிட்டால்தான் காது அசையும். அதனாலேயே தையற்காரியும் அவள் புருஷனும் அதற்குத் துரை என்று பட்டம் கட்டியிருந்தார்கள்.

காலையும் மாலையும் மாடிக்குப் போய்த் தீனி வைத்துவிட்டு வருவதுதான் வேலை. ஒரு நாள் காலை, குப்பைப் பையை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பினால் துரையைக் காணோம். கட்டிலுக்கு அடியில், துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னால், மாடிப்படி, கார் நிறுத்துமிடம் என்று சல்லடை போட்டுத் தேடினாள். அன்றே தைத்துக் கொடுக்கவேண்டிய திரைச்சீலை பாதித் தையலில் கிடந்தது.

"அவகிட்ட சொல்லிடணுங்க. மறைச்சா எனக்குச் சோறு இறங்காது" என்று புருஷனிடம் சொல்லிவிட்டுப் போனை எடுத்தாள்.

பஸ்ஸை விட்டால் மிஸ், குடையைத் தொலைத்தால் மிஸ். பூனை தொலைந்தாலும் மிஸ்தானே? 'ஐ மிஸ் யுவர் கேட். ஐ ஆம் க்ரையிங்' என்று தட்டி அனுப்பிவிட்டு, வசவுக்குத் தயாரானாள்.

பதிலில் வரிசையாகச் சிவப்பு இதயங்கள் வந்து விழுந்தன. 'சோ ஸ்வீட்! அவனை உங்க வீட்டுக்கே தூக்கிட்டுப் போய் வச்சுக்கோங்க' என்று இங்கிலீஷில் எழுதியிருந்தாள் நர்ஸ்.

"என்ன பொம்பளைங்க இவ! பூனையைக் காணோம்னு நான் அழறேன், இவ கொஞ்சுறா!"

லிஃப்ட் ரிப்பேர் செய்யும் அவள் புருஷனுக்கு அன்று லீவு. போனை வாங்கிப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "அதைப் பிரிஞ்சு ஏங்குறேன்னு எழுதியிருக்க. தொலைச்சதுக்கு லூஸ்னு போடணும்."

"யாரை லூசுங்கிறீங்க?"

"உன்னை இல்லடி! அந்த வார்த்தையே அதுதான்."

"நான் லூஸ்னு அனுப்பி, அவ என்னை லூசுன்னு முடிவு பண்ணவா?"

பேச்சு முற்றிக்கொண்டிருந்தபோது ஜன்னலுக்கு வெளியே, பக்கத்துச் சலூன்காரர் குரல் கேட்டது. "அக்கா, கடையில படுத்திருக்கிறது உங்க துரையா பாருங்க. எழுந்திருக்கவே மாட்டேங்குது!"

ஓடிப்போய்ப் பார்த்தால், சுழல் நாற்காலியில் துரை சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. முடிவெட்ட வந்தவர் நின்றபடியே தலையைக் கொடுத்திருந்தார். திட்ட வாயெடுத்தவளுக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. பூனையை வாரி அணைத்துக்கொண்டாள். வைத்துக்கொள்ளச் சொல்லித்தான் உத்தரவு வந்துவிட்டதே! அன்றிலிருந்து துரைக்குக் கீழ்வீட்டில், திரைச்சீலைக் குவியல் மேல்தான் படுக்கை.

நர்ஸ் வந்து இறங்கியதும் தையற்காரி ஒன்று விடாமல் ஒப்பித்தாள். தெரிந்த இங்கிலீஷ் பாதி, கைஜாடை பாதி. நர்ஸ் சிரித்துச் சிரித்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு, கைக்குட்டையை நழுவவிட்டு, "லூஸ்" என்றாள். நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டு, "மிஸ்" என்றாள்.

தையற்காரி கொஞ்சம் யோசித்தாள். "அன்னைக்கு ரெண்டும்தாங்க நடந்துச்சு" என்றாள் புருஷனிடம். "ஒண்ணை எழுதாம விட்டுட்டேன். எழுதினது ஒண்ணும் பொய்யில்லையே?"

அவர் அதை இங்கிலீஷில் சொன்னதும், நர்ஸ் எழுந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

துரை அதற்குள் நர்ஸின் பெட்டிமேல் ஏறிப் படுத்துவிட்டது. அது எழுந்திருக்கும்வரை பெட்டியைத் திறக்க வழியில்லை. மூன்று பேரும் டீ போட்டுக் குடித்தார்கள்.