திமோஃபேயின் பூச்சிப்பொறிகள்

ரௌஷன் கரகண்டா என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். கணவன் போய்ப் பதினாறு வருஷம். மகள் அஸ்தானாவில். நான்காம் மாடி வீட்டில் அவளோடு இருந்தவை பூச்சி தின்னும் செடிகள்தாம்; சிலவற்றின் இலை பூச்சி உட்கார்ந்ததும் பொறிபோல் மூடும், சிலவற்றின் இலை குடுவைபோல் தொங்கும். குழாய்த் தண்ணீரின் சுண்ணாம்பு அவற்றைக் கொன்றுவிடும். ஊருக்குள் விழும் பனியிலோ நிலக்கரித் தூள். அதனால் குளிர்காலத்தில் பேருந்தேறி ஊருக்கு வெளியே போய், வாளி நிறையச் சுத்தமான பனியை அள்ளி வந்து உருக்குவாள்.

"என்னக்கா, ஒங்க வாசல்ல பனியே விழலியா?" என்று நடத்துநர் கிண்டல் செய்வான்.

"விழுது தம்பி. ஒன் சட்டை காலர் மாதிரி கருப்பா விழுது."

முதல் விதைகளை அனுப்பியவர் தொலைவில் ஒஸ்கெமென் என்ற ஊரிலிருந்த திமோஃபேய். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் அவருடைய செய்தித்தாள் விளம்பரத்தைப் பார்த்து இவள் எழுதினாள். கடிதங்கள் பின்னாளில் தொலைபேசியாயின. சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் பேசுவார்கள்; எந்தப் பொறி மூடியது, எந்தக் குடுவை விரிந்தது, அவ்வளவுதான். ஒவ்வொரு வருஷமும் அவர், "மே மாசம் ஒரு நட வந்துட்டுப் போங்களேன்" என்பார். "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்பாள்.

இந்தக் குளிர்காலத்தில் ஐந்து சனிக்கிழமைகள் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. ரௌஷன் விடுப்பு போட்டு ரயிலேறினாள்.

திமோஃபேயின் வீட்டுக் கதவைத் திறந்தது உயரமான ஒரு கிழவி.

"கரகண்டாலேருந்து வரேன். என் பேரு ரௌஷன்."

"ஐயோ, நீங்களா!" கிழவி அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். "நான் அவனோட அக்கா, கிளாவா. இதயம் நின்னு போச்சும்மா. நாப்பதாம் நாள் பூசை போன வியாழக்கிழமதான் முடிஞ்சுது. ஒங்க நம்பர எங்க தேடியும் கெடைக்கல. நானும் பகல்ல வந்து பாத்துட்டுப் போறதோட சரி."

சமையலறை ஜன்னலோரம் வரிசையாகத் தொட்டிகள். எல்லாம் கறுத்து அழுகியிருந்தன.

"நான்தான் கொன்னுட்டேன் போலிருக்கு. பாவம், பசிக்குமேன்னு ஒவ்வொரு வாயிலயும் இறைச்சித் துண்டு வச்சேன்."

ரௌஷனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "குளிர்காலத்துல அதுங்க தூங்கும்க்கா. பசியே தெரியாது."

கிளாவா தேநீர் ஊற்றினாள். கேட்காமலே பால் தாராளமாக விட்டாள்.

"ஒங்களுக்குப் பால் தூக்கலா வேணும்னு அவன் சொல்லியிருக்கான். வருஷா வருஷம் மே மாசம் வந்து ரெண்டு நாள் தங்குவீங்களாமே. நானும் பாத்துடணும்னு வருவேன். எப்பவும் முந்தின நாள்தான் கெளம்பிப் போயிருப்பீங்க."

ரௌஷன் கோப்பையை மெல்லக் கீழே வைத்தாள். இந்த ஊர் மண்ணை மிதிப்பது இதுவே முதல் தடவை.

"போன மே மட்டும் ஏன் வரல? கேட்டா, 'அவங்களுக்கு வேலை'ன்னான். மொகமே சரியில்ல."

"ஆமாக்கா," என்றாள் ரௌஷன். "கடையில லீவு கெடைக்கல."

பிறகு எழுந்துபோய் ஒவ்வொரு தொட்டியாக விரலால் கிளறினாள். ஒன்பதாவது தொட்டியில், பாசிக்கு அடியில், வெள்ளையாகக் கெட்டியாக ஒரு கிழங்கு தட்டுப்பட்டது.

"உசுரு இருக்கா? நீங்களே எடுத்துக்கங்க."

"இங்கயே இருக்கட்டும். குழாத்தண்ணி மட்டும் ஊத்தாதீங்க. எதுவும் ஊட்டாதீங்க. நான் மே மாசம் வந்து பாக்குறேன்."

சொன்னபடியே மே மாசம் போனாள். கிழங்கு மூன்று சின்னப் பொறிகளை விரித்திருந்தது. அதைப் பார்த்து முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. கிளாவாவுக்குச் செடிகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. ரௌஷனுக்கு வேறெதுவும் பேச வரவில்லை. இரண்டு நாள் என்று நினைத்துப் போனவள் மறுநாள் காலையே கிளம்பினாள்.

"அடுத்த வருஷமும் வருவீங்கல்ல?" கிளாவா வாசல்வரை வந்து கேட்டாள்.

"வரேன்க்கா."

ரயிலில் ஜன்னலோர இடம் கிடைத்தது. அன்று சனிக்கிழமை. சாயங்காலம் அவர்கள் பேசும் நேரம் வந்தபோது, மூன்று பொறி விரிந்திருக்கிறது என்று சொல்ல யாரும் இல்லை.