வினிகரில் ஊறிய போல்ட்டுகள்

காரின் பம்பர் போல்ட்டுகளில் துரு ஏறியிருந்தது. அவற்றைக் கழற்றிச் சமையலறை வினிகரில் ஊறப்போட்ட வாத்தியார், அதை அடியோடு மறந்துவிட்டார். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், துருவோடு போல்ட்டின் திருகு மரையும் சேர்ந்தே கரைந்திருந்தது. வீட்டில் யாருக்கும் தெரியாமல் பம்பரைக் கயிற்றால் கட்டிவைத்தார்.

மறுநாள் கயிற்றைக் காணோம். அந்த இடத்தில் புதுப் போல்ட்டுகள் பளபளத்தன. மனைவியும் மச்சினனும் காருக்குப் பக்கத்தில் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். தன் செல்லக் காரை விற்கப் பார்க்கிறார்களோ என்று அவருக்குச் சந்தேகம் தட்டியது.

மச்சினனைக் கேட்டால், "அக்காவையே கேளுங்க அத்தான்" என்று நழுவினான்.

"யாருக்கு விலை பேசுறீங்க?" என்று மனைவியிடம் பாய்ந்தார்.

"யாருக்கும் இல்ல. தம்பிகிட்ட கார் ஓட்டக் கத்துக்கிறேன். அதான் போல்ட்டையும் மாத்தினோம்."

"வீட்லயே ஒரு வாத்தியார் இருக்கேனே!"

"போல்ட்டை ஊறப்போட்டதையே மறந்த ஆளு நீங்க. பிரேக்கை மட்டும் மறக்காம சொல்லித் தருவீங்களாக்கும்?"